கதியால் நட்ட ஏறுசட்டம்

அப்போதுதான் வெட்டிய பூவரசந் தடியின் பச்சை மணமும் நனைந்த தும்புக் கயிற்றின் மணமும் சேர்ந்து வந்தால், என் கண் இன்றும் முதலில் தூணின் அடியைத்தான் தேடும்.

இடப்பெயர்வு முடிந்து, தெல்லிப்பழைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் மறுபடி திறந்தபோது, அங்கே விளையாட ஒன்றும் இருக்கவில்லை. பூவரசந் தடி, பனங்குற்றி, தும்புக் கயிறு, இவ்வளவும் போதும், பிள்ளைகள் ஏறி விளையாட ஒரு சட்டம் கட்டலாம் என்று படம் வரைந்தவர் அம்மா. ஒரு பிள்ளை விழுந்தாலும் அன்றைக்கே பிடுங்கிவிடுவேன் என்று சொல்லித்தான் பள்ளிக்கூட அதிபர் சம்மதித்தார். சிரமதானத்துக்கு வந்த பெரியப்பா, "உதென்ன, குரங்குகளுக்கு வேலியோ?" என்று பகிடி விட்டபடியே வேலையைத் தொடங்கினார். மாரி தொடங்கும் காலம். வேலிக்குக் "கதியால்" போடுவதுபோல, வேர் விட்டுவிடும் என்ற நம்பிக்கையில், பச்சைத் தடிகளை ஒரு முழ ஆழத்தில் நட்டு "அலவாங்கு" என்ற கடப்பாரையால் மண்ணை இடித்து இறுக்கினார்கள். எங்கள் ஊரில் தடி நடுவதென்றால் அப்படித்தான். வேலியில் யாரும் ஏறுவதில்லை என்பது ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

பிள்ளைகளை ஏறவிட்ட முதல் நாளுக்கு முந்தின இரவு நல்ல மழை. சட்டம் நிறையப் பிள்ளைகள். உச்சியில் என் தம்பி. கீழே நின்ற நான், மூலைத் தூணின் அடியில் மண் வாய் பிளப்பதும் மூடுவதுமாக இருப்பதைக் கண்டு கத்த வாயெடுத்தேன். அம்மா என் தோளை அழுத்தினார். கத்தினால் எல்லோரும் ஒரே பக்கமாகப் பாய்வார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தூணை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு, கதை சொல்லும் குரலில், மற்றப் பக்கத்தால் ஒவ்வொருவராக இறங்கச் சொன்னார். பெரியப்பா பகிடியை மறந்து ஓடிவந்து தோள் கொடுத்தார். மற்ற எல்லோரும் இறங்கினார்கள். தம்பி மட்டும், இப்போதுதானே ஏறினேன் என்று கயிற்றை விடாமல் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தான். அவன் ஆட்ட ஆட்ட மண் இன்னும் பிளந்தது.

"இண்டைக்கு இறங்கினாத்தான் நாளைக்கும் ஏறலாம், ராசா," என்றார் அம்மா.

அவன் கால் நிலத்தில் பட்டதும் இருவரும் கையை எடுத்தார்கள். தூண் மெல்லச் சரிந்து விழுந்தது. பிடுங்குவோம் என்றார் அதிபர்.

"பிள்ளையள் ஒருதரும் விழேல்லை, சேர். தடிதான் விழுந்தது. ஆழம் காணாது," என்றார் அம்மா.

அடுத்த கிழமை இடுப்பளவு "கிடங்கு" வெட்டிப் புதுத் தடிகள் நட்டார்கள்.

அந்தச் சட்டமும் கயிறுகளும் இப்போது இல்லை. பிள்ளைகள் சறுக்கி விளையாட, வெயிலில் சுடும் பிளாஸ்டிக் "சறுக்கீஸ்" ஒன்றும், மரமாகிவிட்ட ஒரு மூலைத் தூணும் நிற்கின்றன. பழையபடி மரத்தாலும் கயிற்றாலும் ஒன்று வரைந்து தரும்படி, பொறியியல் படித்த என்னிடம் பள்ளிக்கூடம் கேட்டிருக்கிறது. சுமை, மண், முடிச்சு என்று எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி எழுதி, வரைபடத்தை அம்மாவிடம் நீட்டினேன். அவர் மேலே பார்க்கவேயில்லை. நிலக்கோட்டுக்குக் கீழே விரலை வைத்தார்.

"கிடங்கு எவ்வளவு ஆழம்?"