ரதியின் கன்னத்துக்கு வல்லாரை

நசுக்கிய வல்லாரையின் வாசம் முதலில் ஈரமண்ணாகவும், சற்றுப் பொறுத்துக் கசப்பாகவும் மூக்கில் ஏறும். இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் எங்கள் தோட்டத்தில், தேயிலை வரிசைகளுக்கிடையே மழைநீர் ஓட வெட்டிய "கான்" ஓரங்களில் அது தானாகவே படர்ந்து கிடந்தது. சிங்கள அயலவர்கள் "கொட்டுகொல" என்று சம்பலுக்குப் பறித்தார்கள். அம்மா, அட்டை கடித்துச் சொறிந்து புண்ணான எங்கள் கால்களுக்குப் பறித்தார்.

ஒரு மாசியில் அது ஒரு முகத்துக்குத் தேவைப்பட்டது. மன்மதனைச் சிவன் எரித்த கதையை ஆடும் காமன் கூத்தில் ரதி வேடம் கட்டுபவர் அம்மாவின் தம்பி, என் மாமா. ஒத்திகைக்குப் பூசிய புது அரிதாரம் தேங்காய் எண்ணெய்க்கு அசையாததால், விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயில் துணியை நனைத்து அழுத்தித் துடைத்துவிட்டார். விடிந்தபோது இரு கன்னங்களும் சிவந்து, தோல் உரிந்து, வாயைத் திறந்தாலே எரிந்தது. கையிலோ காப்புக் கட்டியாயிற்று. காப்புக் கட்டியவர்தான் ஆட வேண்டும். ஆளை மாற்றும் வழக்கம் கிடையாது. மாமா ஆடாவிட்டால் அந்த வருஷம் லயங்கள் என்னும் எங்கள் வரிசை வீடுகளுக்குக் கூத்தே இல்லை.

"ஒம் மூஞ்சி என்ன குப்பி லாம்பாடா, மண்ணெண்ண ஊத்த?" என்று திட்டிக்கொண்டே அம்மா வேலையைத் தொடங்கினார். மிளகாய்க் காரம் போகும்வரை அம்மியைத் தேய்த்துக் கழுவி, வேர் நீக்கி அலசிய இலையைத் தண்ணீர் விடாமல் அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து, மாமாவின் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டுத் தடவி, அங்கே எரியவில்லை என்று உறுதியான பிறகே கன்னத்தில் ஒற்றினார்.

மன்மதன் வேடம் கட்டும் பக்கத்து லயத்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, "என்னா மாப்ள, ரதிய வரச்சொன்னா மீனாச்சி வந்து பச்சையா குந்தியிருக்கா!" என்றார்.

"சிரிக்க வைக்காதடா, எரியுது. கடைசி நாள் சிவன் ஒன்னய எரிப்பாருல்ல, அப்பத் தெரியும்" என்றார் மாமா.

வல்லாரை தோலை வெளுப்பாக்கும் என்று இன்று சிலர் சொல்கிறார்கள். மாமாவின் நிறம் சற்றும் மாறவில்லை. எரிச்சல் தணிந்தது, சிவப்பு அடங்கியது, கடைசி நாளுக்குள் புதுத்தோல் மூடியது. இவற்றை நான் கண்ணால் பார்த்தேன்.

அதன் பிறகும் அரிதாரத்துக்கு அம்மா சம்மதிக்கவில்லை. மாமாவுக்கு வேடம் போட்டுவிட வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். "சாயம் பட்டா திரும்பப் பிஞ்சிரும்ங்க. பொட்டு மட்டும் வைங்க. அழத் தெரிஞ்சவனுக்குச் சாயம் எதுக்கு?" என்று அம்மா சொல்லிவிட்டார்.

மாமா வெறும் முகத்தோடுதான் ஆடினார். மன்மதன் எரிந்து, ரதி புலம்பியபோது, மற்ற வருஷங்களில் சாயக் குழம்பில் காணாமல் போகும் கண்ணீர் அன்று தாடைவரை தெளிவாக இறங்கியது. முணுமுணுத்தவர்களே முதலில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

கான் ஓரங்களில் இப்போது களைகொல்லி அடிக்கிறார்கள், பறிக்கச் செடியில்லை. ஹட்டன் கடைகளில் வல்லாரைக் களிம்பு கிடைக்கிறது. பனிக்காலத்தில் நானும் பூசுகிறேன், நல்ல களிம்புதான். கூத்தும் மாசிதோறும் நடக்கிறது. மாமாவுக்குப் பின் வந்த ரதிகள் தண்ணீரில் கரையாத சாயம் பூசி, வெளிச்சத்தில் மின்னுகிறார்கள். அழுகிறார்களா என்பதை மட்டும் கிட்டப் போய்த்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.