இனோகேயின் கமிஷனும் அபெனிசாவின் பஸ்ஸும்

சவுசவு என்கிற தீவுக் கடற்கரை ஊரில் இனோகேயைப் பிடிக்காதவர் யாருமில்லை. அவனுக்கு 'முடியாது' என்று சொல்ல வராது, அவ்வளவுதான் காரணம். ஆள் வந்து நின்றால் வாசல் அடைபடும். ரக்பி ஆடிய காலத்தில் எதிரணிக்காரர்கள் அவனை இடிப்பதைவிடச் சுற்றி ஓடுவதே லாபம் என்று கண்டுகொண்டார்கள். ஆனால் யாராவது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒரு உதவி கேட்டால் அந்த மலை அப்படியே கரைந்துவிடும். கொப்பரை ஆலையில் அடுத்தவன் மூட்டையையும் சேர்த்துத் தூக்கினான். ரொட்டிக் கடை வைத்தான். ஊர் முழுக்க ரொட்டி தின்றது, கடை மட்டும் படுத்துவிட்டது.

இப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் ஆக்கியவர் வயலெட் சிம்ப்சன். தலைநகர் சுவாவில் இருக்கிற பெரிய கம்பெனிக்காக இந்தக் கரையில் ஏஜென்சி நடத்துகிறவர். ஊரே இவனுக்கு உறவு, உறவெல்லாம் பாலிசி என்று அவர் கணக்குப் போட்டார். ஒப்பந்தத்தை நீட்டியபோது மேசைமேல் அன்னாசிக் கேக் இருந்தது. இனோகே கேக்கைப் பார்த்துக்கொண்டே பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டான்.

வயலெட்டின் கணக்கு தப்பவில்லை. முதல் பாலிசி எடுத்தவன் அபெனிசா. இனோகேயின் அத்தை மகன், பஸ் டிரைவர். பிறந்ததிலிருந்து இனோகேயைக் கேலி செய்வதையே முழுநேர வேலையாகவும், பஸ் ஓட்டுவதை உபதொழிலாகவும் வைத்திருப்பவன். அவனைப் பார்த்து மற்றவர்களும் எடுத்தார்கள். வந்த கமிஷனில் இனோகே படகுக்கு ஒரு மோட்டார் வாங்கினான்.

வினை வந்தது, போதை தரும் யங்கோனா வேர்ச்சாறு குடிக்கிற இடத்தில். நாலாவது சுற்றில் நாக்கு மரத்துப்போன இனோகே, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டான்: "ரெண்டு வருஷத்துக்குள்ள யாராவது தவணை கட்டாம விட்டா, அந்தப் பாலிசிக்கு நான் வாங்கின கமிஷன் பூரா திருப்பிக் குடுக்கணுமாம். அக்ரிமென்ட்ல இருக்கு."

அபெனிசா சிரட்டையைக் கீழே வைத்தான். "என்ன மச்சான் சொன்ன? நான் கட்டலன்னா உனக்கு அடியா?"

"ஆமா மச்சான்."

"அடடா, இத முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாது?"

மறுநாள் காலையில் பஸ்ஸை இனோகே வீட்டு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, ஹாரனை அழுத்திப் பிடித்தான். "மச்சான்! ராத்திரி பூரா தூக்கமே இல்ல. இந்தப் பாலிசி நமக்குத் தேவையான்னு ஒரே யோசனை. பஸ் பளபளன்னு இருந்தா மனசு கொஞ்சம் தெளியும்னு தோணுது."

இனோகே வாளியை எடுத்தான்.

செய்தி பஸ்ஸிலேயே ஏறி ஊரெல்லாம் போயிற்று. தேவாலயப் பாட்டுக்குழுவை நடத்தும் மெரேசேய்னி அக்காவுக்குக் கட்டைக்குரல் ஒன்று குறைந்தது. "பாட வர்றியா, பாலிசிய நிறுத்தவா?" என்றாள். குரல் மாடுபோல வந்தாலும் பரவாயில்லை என்று அவனை மூன்றாம் வரிசையில் நிறுத்தினாள். ஒருவன் சேப்பங்கிழங்குத் தோட்டத்தில் பன்றி வராமல் நிற்கச் சொன்னான். இன்னொருத்தி வெந்நீர் ஊற்றில் மரவள்ளிக் கிழங்குப் பானையை வைத்துவிட்டு, காவலுக்கு அவனை உட்காரவைத்துக் கல்யாணத்துக்குப் போய்விட்டாள். கிழங்கு குழைந்ததற்கும் அவனுக்குத்தான் திட்டு.

இனோகேயின் மனைவி மிலிகா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். சொந்த வீட்டுக் கூரை ஒழுக, புருஷன் போதகர் வீட்டுக் கூரைக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, உங்கள வீட்ல பார்க்கணும்னா நானும் ஒரு பாலிசி எடுக்கணுமா?"

இனோகே சிரித்தான். மிலிகா சிரிக்கவில்லை. அந்த வாரமே தான் பின்னிய பாய் விற்ற காசைக் கொண்டுவந்து, புருஷனிடமே ஒரு பாலிசி எடுத்தாள். கமிஷன் வந்த மறுநாள் இடுப்பில் கையை வைத்து நின்றாள்.

"சனிக்கிழமை கூரைய சரி பண்ணுங்க. இல்ல, என் தவணைய நிறுத்திடுவேன்."

"சனிக்கிழமை அபெனிசா பஸ்ஸு..."

"அப்போ யாரு நிறுத்தினா நஷ்டம் கம்மின்னு யோசிச்சு முடிவு பண்ணுங்க."

இனோகே பாயில் உட்கார்ந்து உண்மையிலேயே யோசிக்க ஆரம்பித்தான். அதைப் பார்த்ததும்தான் மிலிகாவுக்குக் கோபம் தலைக்கேறியது. அவன் கையைப் பிடித்துத் தரதரவென்று வயலெட் ஆபீசுக்கு இழுத்துப் போனாள்.

"மேடம், இவர் வேலைய விடறாரு."

வயலெட் கண்ணாடியைச் சரிசெய்தார். "விட்டா கமிஷன திருப்பிக் கட்டணுமே, மிலிகா."

"மோட்டார வித்துக் கட்டறோம். ஆனா இவர் இல்லன்னா ஊர்ல ஒருத்தனும் தவணை கட்டமாட்டான். அப்போ சுவாக்காரங்க உங்கள சும்மா விடுவாங்களா?"

வயலெட் முகம் வெளுத்தது. கம்பெனியோடு அவர் போட்டிருந்த ஒப்பந்தத்திலும் அதே வரி அச்சுப் பிசகாமல் இருந்தது.

"இப்போ நான் என்ன செய்யணும்?" என்றார் மெதுவாக.

"இவர் கூரை வேய்வாரு. நீங்க பஸ் கழுவுங்க."

அந்தச் சனிக்கிழமை, பூப்போட்ட கவுனை முழங்காலுக்கு மேல் முடிந்துகொண்டு, ஏஜென்சி முதலாளி வயலெட் சிம்ப்சன் நடுரோட்டில் பஸ் கழுவினார். சந்தைக்கு வந்தவர்கள் சந்தையை மறந்தார்கள். அபெனிசா நிழலில் உட்கார்ந்து தேங்காய் பன்னைக் கடித்தபடி, "மேடம், பின்சக்கரத்துல சேறு இருக்கு பாருங்க. எனக்கு மறுபடி மனசு கலங்குது" என்றான். சாயங்காலம் மெரேசேய்னி அக்கா வந்து, வயலெட்டுக்கு உச்சஸ்தாயி வருமா என்று விசாரித்தாள்.

திங்கட்கிழமை வயலெட் சுவாவுக்குப் போன் போட்டார். என்ன பேசினார் என்று கதவுக்கு வெளியே நின்றவர்களுக்கு முழுதும் கேட்டது. "அப்போ நீங்களே வந்து கழுவுங்க!" என்று முடித்தார்.

கழுவ யாரும் வரவில்லை. புது ஒப்பந்தம் வந்தது. இனிமேல் தவணை கட்டிய மாதங்களுக்கான கமிஷன் ஏஜெண்டுக்கே. கட்டாமல் விட்ட மாதங்களுக்கு உரியதை மட்டும் திருப்பினால் போதும். இந்தமுறை மிலிகா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்தாள். புரியாத இடத்தில் வயலெட்டை நிறுத்தி விளக்கம் கேட்டாள். அவருக்கும் சில இடங்கள் அன்றுதான் புரிந்தன.

விஷயம் தெரிந்து அபெனிசா துக்கம் விசாரிக்க வந்தவன்போல் வந்தான்.

"அப்போ இனிமே உன்ன எப்படி மச்சான் மிரட்டறது?"

"தெரியலயே. நிறுத்தறதுன்னா நிறுத்திக்கோ."

"நிறுத்தவா? எனக்கு ஏதாவது ஆனா எம் பொண்டாட்டிக்கு வர்றது அது ஒண்ணுதான்டா." கொஞ்ச நேரம் காலால் மண்ணைக் கிளறினான். பிறகு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். "மச்சான், நாளைக்குக் கல்யாண சவாரி. பஸ் ஒரே அழுக்கு. எனக்கு வேற இடுப்பு வலி."

இனோகே அவனைப் பார்த்தான். வாசலில் நின்ற மிலிகாவைப் பார்த்தான். மிலிகா ஒரு நீண்ட பெருமூச்சு விட்டு, உள்ளே போய் வாளியை எடுத்து வந்து, அதை அபெனிசாவின் கையில் திணித்தாள்.

"நீங்க முன்பக்கம் கழுவுங்க. அவர் பின்பக்கம் பார்த்துப்பாரு."