கல்வெட்டில் ஏறிய கள்ள இருமல்

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு அன்று கல்வெட்டு கொடுப்பார்கள். கல்வெட்டு என்பது ஒரு சிறு புத்தகம்தான்: முன்பக்கத்தில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரங்கள், பிறகு அவரைப் பற்றிய பாட்டு. சாப்பாட்டுக்கு முன்னர் யாராவது அதை ராகம் போட்டு வாசிப்பார்கள். அதன்பின் அது வந்தவர்கள் எல்லோருடைய வீட்டு அலுமாரிக்கும் போய்ச் சேரும். ஒரு வரி சொதப்பினாலும் எங்கள் ஊர் விசுவமடு முழுக்க அது என்னைப் பார்த்துப் பல்லிளித்துக்கொண்டு கிடக்கும். பக்கத்து வீட்டு மாமி தன் கணவருக்குப் பாட்டு எழுதித் தரச் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது இந்தப் பயம்தான். துக்கம்கூடப் பிறகுதான் வந்தது.

நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை பார்ப்பவள். இரகசியமாகக் கவிதை எழுதுவேன், எழுதியதை நானே கிழித்துப் போடுவேன். பத்திரிகைக்கு அனுப்பியவை போன இடம் தெரியவில்லை. ஆனாலும் என் இரகசியம் ஊர் முழுக்கத் தெரியும். என் கணவரின் வாய் அப்படி.

மாட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. வீட்டிலிருந்த பழைய கல்வெட்டுகளை எல்லாம் எடுத்து வைத்துப் படித்தேன். எல்லாவற்றிலும் ஆலமரம் சாய்ந்திருந்தது, குலவிளக்கு அணைந்திருந்தது. சரி, பெரியவர்கள் எழுதிய வழியில் போனால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்று நானும் ஒரு ஆலமரத்தைச் சாய்த்தேன். 'சாந்தமே உருவானவரே' என்று ஒரு வரியும் சேர்த்துக்கொண்டேன். அதை மாமியிடம் வாசித்துக் காட்டினேன்.

மாமி கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இது ஆரைப் பற்றின பாட்டு பிள்ளை?" என்றார்.

"மாமாவைப் பற்றித்தான் மாமி."

"இந்த மனிசனோட நான் ஒரு நாளும் சீவிக்கேல்லையே!"

எனக்கு முகம் சுருங்கிப் போனது. மாமி விடவில்லை. மாமா சாந்தமானவராம்! தண்ணீர் பம்ப் இயங்காவிட்டால் அதன் பரம்பரையையே திட்டுவார். வயல் வேலை முடிந்த பின்னேரங்களில் முற்றத்தில் காட்ஸ் விளையாடுவார். தன் கையில் நல்ல சீட்டு இருந்தால் எதிரே இருக்கும் கூட்டாளிக்கு இருமிக் காட்டுவார். அந்தக் கள்ள இருமல் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் எல்லோரும் தோற்றுப் போவோம், வென்றதும் அவர் துள்ளுகிற துள்ளலைப் பார்ப்பதற்காக.

அன்று பின்னேரமே எழுத உட்கார்ந்தேன். சிரித்துச் சிரித்து எழுதியதில் பயப்பட மறந்துவிட்டேன். இப்படி முடிந்தது:

கள்ள இருமல் இருமி வென்றீர்,
கண்டும் காணாமல் தோற்றோம் நாங்கள்;
இப்போது நாங்களே வெல்கின்றோம் ஐயா,
வெற்றியில் ஒரு துளி ருசியும் இல்லை.

"ஓம், இதுதான் அவர். அச்சடி," என்றார் மாமி.

கிளிநொச்சி அச்சகத்துக்காரர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "தங்கச்சி, செத்த மனிசனைக் கள்ளன் எண்டு கல்வெட்டில போடுறதோ? சொந்தக்காரர் என்ன சொல்லுவினம்?"

விட்ட பயம் திரும்பி வந்து ஏறிக்கொண்டது. மாமாவின் தமையனார் யாழ்ப்பாணத்திலிருந்து வருவார். சிரிப்பை யாரிடமோ அடகு வைத்துவிட்டு மீட்காத மனிதர். அவர் கோபித்தால் சபையில் தலைகுனிவது மாமிதான். மாமி கேட்டதை மாற்றவும் மனமில்லை. பாட்டை அப்படியே விட்டு, கீழே என் பெயரை மட்டும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். என் வீரம் அவ்வளவுதான்.

அந்தியேட்டி அன்று ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வாசித்தார். நான் சமையல் நடந்த குசினி வாசலில், அப்பளத் தட்டோடு, ஓடுவதற்கு வசதியாக நின்றேன். கள்ள இருமல் வந்த இடத்தில் வாத்தியாரே ஒரு கணம் தடுமாறினார். மாமாவின் காட்ஸ் கூட்டாளிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள், தோள்கள் மட்டும் குலுங்கின. மாமி சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை.

தமையனார் கதிரையை விட்டு எழும்பினார்.

"இதை எழுதினது ஆர்?"

அவர் மாமியின் பக்கம் திரும்பினார். மாமி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் பாட்டுக்கு மாமி ஏன் பேச்சு வாங்க வேண்டும்? அப்பளத் தட்டை என் கணவரின் கையில் திணித்துவிட்டு நடுவில் போய் நின்றேன்.

"நான்தான் ஐயா எழுதினனான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கையிலிருந்த கல்வெட்டைப் பார்த்தார். உதடு ஒரு பக்கம் கோணியது.

"சின்னனில எங்கட வீட்டு விறாந்தையிலயும் அவன் இப்பிடித்தான் இருமினவன் பிள்ளை. முதல் முதல் அவனிட்டத் தோத்தது நான். பாட்டில என்னை ஏன் சேர்க்காமல் விட்டனீ?"

சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிட்டார். சிரித்த வாயோடே அழுதார். பிறகு பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு, "இரு, சொல்லுறன். எழுது," என்றார்.