வாழைக்கு விட்ட தண்ணீர்

மராத்தி பேசும் ஊரான தேஹு ரோட்டில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். கொல்லையில், அந்தச் சுவரின் காலடியில் மூன்று வாழை வைத்து, பாத்திரம் கழுவும் தண்ணீரை அவற்றுக்கே திருப்பியிருந்தேன். கோயம்புத்தூரில் எல்லோரும் செய்வதுதான். அங்கே வீடு நின்றது செம்மண்ணில், இங்கே கரிசலில். கரிசல் தண்ணீர் குடித்தால் உப்பி அஸ்திவாரத்தையே தூக்கும். இதைப் புத்தகத்தில் படித்து, அடிக்கோடும் போட்டிருந்தேன்.

மழைக்காலத்து ஞாயிறொன்றில் பக்கத்து வீட்டுக்காரர் அரிவாளோடு வந்தார். ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறந்தது இங்கே என்றாலும் வீட்டுப் பேச்சு வட ஆர்க்காடு. கேட்டை உதைத்துத் திறந்தார். குலை தள்ளியிருந்த வாழை ஒரே வெட்டில் சாய்ந்தது.

"ஏனுங்க, வெட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கக்கூடாதுங்களா?"

"கேக்கணுமா? என் பெட்ரூம் தீவார், இந்தச் செவுரு, பொளந்துகினு நிக்குது. நீ வாழைக்கு அபிஷேகம் பண்ணிகினுகீற."

இரண்டாவதும் சாய்ந்தது. அவர் கையைப் பிடித்தேன். முழங்கை என் மூக்கில் இறங்கியது. பனியனெல்லாம் ரத்தமும் வாழைச்சாறும்.

"ரத்தம் போயிருமுங்க, வாழைக்கறைதான் போகாது" என்றாள் மனைவி, ஜன்னலிலிருந்து.

கடப்பாரையை எடுத்துக்கொண்டு அவர் கொல்லைக்குள் குதித்தேன். என் பக்கத்து மழைத்தண்ணீர் அவர் கொல்லை வழியாகத்தான் சந்துக்குப் போக வேண்டும். அந்த வழியை அடைத்து, வாஷிங் மெஷினுக்கென்று சிமென்ட் மேடை கட்டியிருந்தார். முதல் குத்திலேயே மேடையின் மூலை தெறித்தது.

"அரே, கை வெச்சே, மண்டைய ஒடச்சிருவேன்."

பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்தார். இருவரும் சேற்றில் உருண்டோம். போர் வரலாறுகள் நிறையப் படித்திருக்கிறேன். ஐம்பது தாண்டியவர்கள் மோதினால் பாதி நேரம் மூச்சு வாங்குவதிலேயே போய்விடும் என்று ஒன்றிலும் இல்லை. நான் அவர் காதைத் திருகினேன். அவர் என் வயிற்றில் முட்டி வைத்தார்.

அப்போது உள்ளே தடாலென்று சத்தம். அவர் மனைவி வாசற்படிக்கு வந்தார். தலைமுடியில் சுண்ணாம்புத் தூள்.

"சண்டைய அப்பால போடுங்க. இங்க வந்து பாருங்க."

படுக்கையறைச் சுவர்ப்பூச்சு பாளமாகப் பெயர்ந்து அந்த அம்மாவின் தலையணைமேல் கிடந்தது. சற்று முன்தான் எழுந்திருக்கிறார். விரிசல் வழியே எங்கள் சமையலறை விளக்கு தெரிந்தது.

"மழ கட்டிகினு வருது சார்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

மூன்றாவது வாழையை நானே கிழங்கோடு பெயர்த்தேன். அவர் மேடையை உடைத்தார், என்னைவிட வெறியோடு. சுவரோரம் மண்ணை மேடாக்கி, வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்து, சந்துவரை வாய்க்கால் வெட்டி முடிப்பதற்குள் மழை அறைந்தது. தண்ணீர் கொஞ்ச நேரம் தேங்கி நின்றது. பிறகு சுவரை விட்டு நகர்ந்து சந்தில் விழுந்தது.

மண் காய்ந்தால்தான் பூச முடியும் என்று கொத்தனார் சொல்லிவிட்டார். அவர்கள் கட்டில் ஹாலுக்குப் போனது. சில மாதங்கள் விரிசல் அப்படியே இருந்தது. என் மனைவி தாளிக்கும்போதெல்லாம் சுவருக்குள்ளிருந்து அந்த அம்மாவின் குரல் வரும்:

"கடுகு கருகுதும்மா, அடுப்பக் கொற."