கழற்றாத ஷூ

பாண்டிச்சேரியில் ஒரு சின்ன விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தேன். பழைய ஊர், பழைய கட்டடம் என்று ஆசைப்படுகிற விருந்தாளிகளைக் காரில் கூட்டிப்போய்க் காட்டுவதும் என் வேலைதான். மரக்காணம் போகணும் என்று யாராவது சொன்னால் மட்டும் வேறு இடம் சொல்லிப் பார்ப்பேன். அது என் ஊர். பன்னிரண்டு வயதிலிருந்து, லீவு விட்டால் உப்பளத்துக்குப் போனவள் நான். குதிகாலில் பாளம் பாளமாக வெடிப்பு, விரல் இடுக்கில் உப்பு தின்ற வடு. காலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதை மூடத்தான் முதல் சம்பளத்தில் கறுப்பு கட் ஷூ வாங்கினேன். விடுதியில் யார் கேட்டாலும் என் ஊர் பாண்டிதான்.

சுனாமி வந்துபோன அடுத்த சித்திரையில் சென்னையிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். இருவருமே ரிடையர் ஆன வாத்தியார்கள், நல்ல மனுஷர்கள். முதலில் ஆலம்பரை கோட்டைக்குப் போனோம். இடிந்த செங்கல் சுவரை அந்த அம்மா கையால் தடவித் தடவிப் பார்த்தார். "இந்தப் பக்கம் யாருக்கும் அவசரமே இல்ல பாருங்க" என்றார். ஆமாங்க என்றேன். கோட்டை எனக்குப் பிடித்த இடம். அங்கே செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை.

அடுத்து மரக்காணம் சிவன் கோயில். சுவர் முழுக்கக் கல்வெட்டு, அதைப் பார்க்கத்தான் அவர்கள் வந்ததே. வாசலில் அந்த அம்மா காதருகே போய், "எனக்கு இன்னிக்கு உள்ள வரக்கூடாதும்மா, நீங்க போய்ட்டு வாங்க" என்றேன். பாவம், நம்பிவிட்டார். தலைக்கு மேல் வெயில் என்று தன் குடையை வேறு கொடுத்துவிட்டுப் போனார். சாமி வாசலில் பொய், அதுவும் இந்தப் பொய். இத்தனைக்கும் வெறுங்காலோடு ஓடியாடி நான் வளர்ந்த கோயில் அது.

திரும்பும் வழியில் உப்பளத்தைப் பார்த்ததும் காரை நிறுத்தச் சொன்னார்கள். ஓரமாக ஒரு வேலிக்காத்தான் மர நிழலில் ஒரு பெண் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தாள். "எவ்ளோ நிம்மதியான வாழ்க்கை" என்றார் அந்த அம்மா. விடியுமுன்னே வந்து பாத்தி மிதித்த களைப்பு அது என்று எனக்குத் தெரியும். அதற்கும் ஆமாங்க என்றேன். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. என்னை வேலைக்குப் பழக்கியவள். உப்பு விளையும் பாத்தியின் களிமண் தரை இறுகுவதற்காக, எப்போதும் இரண்டு பேராக, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் மிதிப்போம். நாலு வருஷம் அவள் தோளைப் பிடித்தவள் நான்.

சுனாமிச் சேறு ஏறியதில் அந்த வருஷம் பாத்தி வேலை பிந்திவிட்டது. மிதித்து முடித்த புதுப் பாத்தி ஒன்று சிமெண்டுத் தரை மாதிரி வழவழவென்று கிடந்தது. பார்க்கத்தான் சிமெண்டு, உள்ளே ஈரக் களிமண். செருப்பு பட்டால் குழி விழும். குழி விழுந்தால் தண்ணீர் கலங்கி, உப்பு கறுத்துவிடும். அதனால் உப்பளத்தில் யாரும் செருப்போடு பாத்தியில் இறங்க மாட்டார்கள். வரப்பில் அக்காவின் செருப்பைப் பார்த்துவிட்டு அந்த ஐயாவே கேட்டார்.

"நாமளும் கழட்டணுமாம்மா?"

அவர்கள் கழற்றினால் நானும் கழற்ற வேண்டும். "வேணாங்க, முள்ளு கிடக்கும்" என்று சொல்லிவிட்டு, வழி காட்டுகிறவள் மாதிரி நானே முதலில் இறங்கினேன். குதிகால் மண்ணில் புதைவது ஷூவுக்குள்ளும் தெரிந்தது. பின்னால் வந்த இருவரையும் நடுவில் நிற்கவைத்து இரண்டு போட்டோ எடுத்தேன்.

அக்கா கூழை வைத்துவிட்டு ஓடிவந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். அந்த அம்மா, "தெரியாம வந்துட்டோமா?" என்று பதறியபோதும், "பரவால்லங்க" என்றுதான் சொன்னாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அவர்கள் ரோட்டோரம் நுங்கு வாங்கப் போனார்கள். அக்கா குழிகளைப் பார்த்தபடியே சொன்னாள்.

"சாயந்திரம் தண்ணி விடணும்டி. இன்னிக்குதான் எங்க முறை, இத தவற உட்டா இன்னும் நாலு நாளு ஆவும். ரெண்டு பேரா மிதிச்சா சீக்கிரம் ஆயிடும். அத்த கழட்டிட்டு எறங்கு."

அரைமணி நேர வேலை. ரோட்டிலிருந்து அந்த ஐயா குரல் கொடுத்தார்: "மெதுவா வாங்கம்மா, எங்களுக்கு ஒரு அவசரமும் இல்ல."

"நேரமாயிடுச்சுக்கா" என்றேன்.

அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. என் ஷூவைப் பார்த்தாள்.

"சேத்த தட்டிட்டுப் போ. காரு அழுக்காயிடும்."

வரப்பில், அவள் செருப்புக்குப் பக்கத்தில் நின்று தட்டினேன். கார் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். அக்கா ஒற்றை ஆளாக மிதித்துக்கொண்டிருந்தாள். பிடிக்கத் தோள் இல்லாமல், கையை இடுப்பில் வைத்திருந்தாள்.