கொரிந்து வீட்டு முற்றம்

படித்தவர்கள் மேல் எனக்குள்ள கோபம் படிக்காதவனின் பொறாமை அல்ல. நானும் படித்தவன்தான். மலாயாவில், பெக்கோக்குக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில், பால்மரம் வெட்டிய தாய்க்குப் பிறந்து, மிஷன் பள்ளியில் படித்து, அதே தோட்டத்துக்கு வாத்தியாராகத் திரும்பி வந்தவன். மாதம் ஒரு ஞாயிறு ரயிலில் வந்து இறங்கும் வெள்ளைக்காரப் பாதிரியாருக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளன்.

அவர் கிரேக்கமும் லத்தீனும் கரைத்துக் குடித்தவர். ஆதித் திருச்சபை எங்கே கூடியது, என்ன சாப்பிட்டது, யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பதுதான் அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சி. ஆராதனை முடிந்ததும் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணிமார்களை உட்காரவைத்து அதைப் பற்றிப் பேசுவார். ஒருமுறை கொரிந்து நகரத்துப் பணக்காரன் வீட்டைக் கரும்பலகையில் வரைந்தார். உள்ளே சாப்பாட்டு அறை, வெளியே முற்றம். வசதியுள்ள விசுவாசிகள் நேரத்தோடு வந்து உள்ளே சாய்ந்து சாப்பிட்டுவிடுவார்கள். அடிமைகள் வேலை முடிந்து வரும்போது முற்றத்தில் நிற்க இடமிருக்கும், பாத்திரத்தில் ஒன்றும் இருக்காது. அதைக் கேள்விப்பட்டுத்தான் அப்போஸ்தலர் அந்தச் சபைக்குக் காட்டமாக எழுதினாராம். ஆண்டவரின் பந்தியில் ஆண்டானும் அடிமையும் ஒன்று என்று சொல்லும்போது பாதிரியாரின் குரல் தழுதழுத்தது. அதைத் தமிழில் சொன்ன எனக்கும் தழுதழுத்தது.

அன்றைக்கே அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அந்தத் தப்பை அப்போதே கண்டித்துவிட்டார்கள், இனி யாரும் வெளியே நிற்கவேண்டியதில்லை என்றேன். அம்மா அதுவரை எந்தக் கோயிலுக்குள்ளும் போனவளில்லை. ஊரில் எங்கள் சாதியை உள்ளே விடவில்லை. இங்கே வந்தபின் அவளுக்கே மனமில்லை.

"எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து சாப்புடுவாங்களாடா? கிராணி பொண்டாட்டி பக்கத்துலயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஆமாம் என்றேன். அந்த ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் வாங்கினாள்.

எங்கள் சபையில் வருடத்துக்கு ஒரு அசனம் உண்டு. சபையார் எல்லோரும் கூடிச் சாப்பிடும் விருந்து, திருநெல்வேலிக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்த வழக்கம். அதற்காகக் கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே போட்டுவைப்பார்கள். அம்மாவும் போட்டாள். அரைவயிற்றுக்குப் பொங்கிய நாளிலும் போட்டாள்.

அசனத்தன்று ஞாயிறு என்றும் பாராமல் தோட்டத்துத் துரை பால் வெட்டச் சொல்லிவிட்டான். வெட்டி, வாளி சுமந்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்த பிறகுதான் ஜனங்கள் வரமுடியும். பாதிரியாருக்கோ ரயிலைப் பிடிக்கவேண்டும். கொஞ்சம் காத்திருக்கலாம் என்றேன்.

"பந்திக்கு முந்தணும் வாத்தியாரே. கறி ஆறிப்போச்சுன்னா பாதிரித் தொர வாயில வைக்க மாட்டாரு" என்று பெரிய கிராணி சிரித்தார்.

யார் வீட்டு அரிசி என்று ஒருவனும் நினைக்கவில்லை. கிராணி வீட்டுக்காரர்கள் உட்கார்ந்தார்கள், கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றார்கள், தின்னமுடியாததை இலையோடு சுருட்டி எறிந்தார்கள். பாதிரியார் பக்கத்தில் எனக்கும் இலை போட்டார்கள். நான் உட்காரவில்லை.

அம்மா வந்தபோது அவள் தலைத்துணியில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. குளிக்கக்கூடப் போகாமல் ஓடி வந்திருக்கிறாள். கையில் சோறு வாங்க ஒரு எனாமல் மங்கு. அவளோடு லயத்து ஜனமெல்லாம் வந்து வேதக்கோயில் முற்றத்தில் நின்றது. பந்தி பரிமாறிய சபை உபதேசியார் சட்டியைச் சாய்த்துக் காட்டினார்.

"கறி தீந்துபோச்சு. அடிச்சோறு கொஞ்சம் இருக்கு, ரசம் ஊத்தித் தரேன். வெளியிலயே நில்லுங்க, உள்ள கழுவி விட்டாச்சு."

நேரே பாதிரியாரிடம் போய், "நீங்கள் பலகையில் வரைந்தது வெளியே நிற்கிறது, வந்து பாருங்கள்" என்றேன். எழுந்து வாசலுக்கு வந்தார். பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"அப்படியே கொரிந்து!" என்றார். "இத்தனை வருடம் புத்தகத்தில் தேடியதைக் கண்ணால் பார்க்கிறேன்."

ஓடிப்போய்ப் புகைப்படப் பெட்டியை எடுத்து வந்தார். எல்லோரையும் நின்ற இடத்திலேயே அசையாமல் நிற்கச் சொல், வெறும் பாத்திரம் தெரியும்படி பிடிக்கச் சொல் என்றார். பசித்தவன் முகத்தைப் பார்த்து ஒரு மனிதனுக்குச் சந்தோஷம் வருமென்றால், அந்தப் படிப்பைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டவேண்டும்.

"தொர என்னாடா சொல்றாரு?" என்று அம்மா கேட்டாள்.

ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். அம்மா கையிலிருந்த மங்கைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அந்தக் காலத்துலயும் நம்மளாட்டம் ஆளுங்க வெளிய நின்னாங்கன்னு சொன்னியே. அவங்க நின்னுக்கிட்டே இருந்தாங்களா, திரும்பிப் போயிட்டாங்களா? கேட்டுச் சொல்லு."

கேட்டேன். பாதிரியார் பெட்டியிலிருந்து தலையை எடுத்து யோசித்தார். நல்ல கேள்வி என்று மெச்சினார். அதை யாரும் எழுதிவைக்கவில்லை என்றார்.

"யாரும் எழுதலையாம்மா" என்றேன்.

"எப்படி எழுதுவாங்க? தின்னுக்கிட்டு இருந்திருப்பாங்க" என்றாள்.

எனாமல் மங்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். லயத்து ஜனங்கள் ஒவ்வொருவராக அவள் பின்னால் போனார்கள். "போகவேண்டாம் என்று சொல், ஒரே ஒரு நிமிஷம் நிற்கச் சொல்" என்று பாதிரியார் என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.