தாடைக்குக் கீழே ஒரு புத்தகம்

என் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியபோது அவளுக்கு ஒன்பது வயது. ஏன் நிறுத்தினாய் என்று கேட்காத ஆள் ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியில் இல்லை. லிஃப்டில் கேட்டார்கள், பசாரில் மீன் வாங்கும்போது கேட்டார்கள், கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கும்போதும் கேட்டார்கள். அதிகமாகப் படம் எடுத்துவிட்டார்கள், அதனால் நிறுத்திவிட்டேன் என்று சொல்வேன். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதென்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

கிறுக்கு ஒன்றும் இல்லை. தமிழ்ப்பள்ளியில் வாட்ஸ்அப்பைப் புலனம் என்பார்கள். நல்ல சொல்தான். அந்தப் புலனக் குழுவில் வாரம் தவறாமல் படங்கள் வரும். வாசிப்பு வாரம், தூய்மை வாரம், அறிவியல் வாரம் என்று எதற்கெடுத்தாலும் ஒரு பேனர், பேனருக்குக் கீழே பிள்ளைகள். என் மகள் லட்சணமாக இருப்பாள், சொன்னவுடன் சிரிப்பாள். அதனால் எல்லாப் படத்திலும் முன்வரிசை. விரித்த புத்தகத்தைத் தாடைக்குக் கீழே தூக்கிப் பிடித்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்பாள். நானும் பூரித்துப்போய் தாசேக் கெலுகோரில் இருக்கும் நாத்தனாருக்கு அனுப்பிவைப்பேன். அவள் இதயம் இதயமாகப் பதில் போடுவாள்.

ஒரு நாள் வந்த படத்துக்குக் கீழே ‘வாசிப்பில் மூழ்கிய மாணவி’ என்று எழுதியிருந்தது. அன்று மாலை மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, என்ன கதை படித்தாய் என்று கேட்டேன்.

“கதையா? டீச்சர் படம் எடுத்தாங்கம்மா. எடுத்து முடிச்சதும் பொஸ்தகத்த வாங்கி அலமாரியில வச்சிட்டாங்க.”

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. சும்மா ஒரு பேச்சுக்காக மேசையிலிருந்த பிஸ்கட் டின்னைக் காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது, படி என்றேன். டின்னில் வரைந்திருந்த பிஸ்கட்டைப் பார்த்து “பிஸ்கட்” என்றாள். அதில் எழுதியிருந்தது அதைச் செய்த கம்பெனியின் பெயர். தமிழ்ப் பத்திரிகையை எடுத்து விரித்தேன். ஒரு வரிகூட ஓடவில்லை. மூன்றாம் ஆண்டில் பாதி முடிந்துவிட்டது, வாசிப்பில் ‘நன்று’ என்று மதிப்பீடு வேறு வந்திருக்கிறது, பிள்ளைக்கு ‘பள்ளி’ என்ற சொல்லைக் கூட்டிப் படிக்கத் தெரியவில்லை.

மறுநாள் வகுப்பாசிரியையைப் போய்ப் பிடித்தேன். சின்னப் பெண். கையில் கைப்பேசி, கழுத்தில் இன்னொரு கைப்பேசி.

“நான் என்னக்கா செய்யறது? நிகழ்ச்சி நடந்த அன்னிக்கே ரிப்போர்ட் போவணும். படம் இல்லன்னா நடக்கலன்னு அர்த்தம். படம் எடுத்து ஏத்தி முடிக்கிறதுக்குள்ள மணி அடிச்சிடுது.”

“அப்போ எப்பதான் படிச்சுக் குடுப்பீங்க?”

அவள் கண் கலங்கினாள். எனக்கு இரக்கம் வரவில்லை. அழவேண்டியவள் நான்.

ஆரம்பக் கல்வி இந்த நாட்டில் கட்டாயம். பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்கவைக்கக் கல்வி அமைச்சிடம் விலக்குக் கேட்க வேண்டும். கேட்டு எழுதிப் போட்டுவிட்டு, கப்பல் முகவர் அலுவலகத்தில் இருந்த வேலையை விட்டேன். பதில் வருவதற்கு முன்னால் தலைமையாசிரியை வந்துவிட்டார், ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு.

“ஒங்க புள்ள படிக்கலயேன்னு எனக்கும் கவலதான்மா,” என்றார். அந்தக் கவலை ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கும் நேரம் இருந்தது. “ஆனா பேர மட்டும் எடுத்துடாதீங்க. நம்ம பள்ளியில ஏற்கெனவே புள்ளைங்க கம்மி. இன்னும் கொறஞ்சா ஒரு டீச்சர மாத்திடுவாங்க. பேரு இருக்கட்டும். மேலேர்ந்து ஆளுங்க வர்ற அன்னிக்கு மட்டும் அனுப்பி வைங்க, போதும்.”

“படத்துக்கா?”

“தமிழ்ப்பள்ளிய மூடிட்டா ஒங்களுக்குச் சந்தோஷமா?”

அங்கேதான் அடித்தார். நானும் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். பிள்ளை வெறும் தலைக்கணக்காகிவிட்ட இடத்தில் இனத்தையும் மொழியையும் கொண்டுவந்து என் நெஞ்சில் ஏற்றிவைத்தால் நான் வாயடைத்துப்போவேன் என்று அவருக்குத் தெரியும். நான் வாயடைத்துப்போகவில்லை. தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளையை வைத்துக்கொண்டு எந்தத் தமிழைக் காப்பாற்றப் போகிறீர்கள் என்று கத்திவிட்டேன். பழத்தையும் கையோடு கொடுத்தனுப்பினேன். அக்கம்பக்கத்தில் ஒரு மாதத்துக்கு இதே பேச்சு.

விலக்குக் கிடைத்து வீட்டில் பாடம் தொடங்கிய பிறகுதான் சேதம் எவ்வளவு என்று தெரிந்தது. படத்தைப் பார்த்து ஊகிப்பதில் அவள் கெட்டிக்காரி. நான் காகிதத்தால் படங்களை மறைத்தேன். அழுதாள், பென்சிலை எறிந்தாள், நான் எறிந்ததும் உண்டு. க, கா என்று முதலிலிருந்து வந்தோம். என் கணவர் தொழிற்சாலையிலிருந்து திரும்பும்போது நாங்கள் இருவரும் ஆளுக்கொரு மூலையில் முறைத்துக்கொண்டிருப்போம்.

தனியாகக் கிடந்து உழல வேண்டாமென்று, வீட்டில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர் குழு ஒன்றில் சேர்ந்தேன். சனிக்கிழமைகளில் ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் கூடுவார்கள். அதை நடத்துகிறவர் முன்னாள் பொறியாளர். பிள்ளைகள் ஒரு பக்கம் விளையாட, அவர் கல்விக் கொள்கையைக் கிழித்துத் தோரணம் கட்டுவார்.

“அறிவியல ஒரு தடவ இங்கிலீஷ்ல, ஒரு தடவ தமிழ்ல. மாத்திக்கிட்டே இருக்காங்க. நம்ம புள்ளைங்கதான் சோதன எலி லா, அக்கா.”

அதுவரை சரி, நானும் தலையாட்டினேன். அடுத்து, “தமிழ்ப்பள்ளிய மூடிட்டாலும் ஒண்ணும் நஷ்டம் இல்ல,” என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் திட்டுவேன், அது என் பள்ளி. இவர் யார் திட்ட? ஏர்கான் அறையில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறவருக்கு, இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் பிள்ளையை வேறு எங்கே விடுவார்கள் என்று தெரியுமா? அதையே கேட்டேன். சிரித்து மழுப்பினார். மகளுக்கு அங்கே இரண்டு தோழிகள் கிடைத்திருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு போய்வந்தேன்.

போன சனிக்கிழமை, ஜன்னலோரம் மகள் ஒரு கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். படமில்லாத பக்கம். விரல் எழுத்தைத் தொட்டு நகர்ந்தது, உதடு அசைந்தது. யாரும் படிக்கச் சொல்லவில்லை. நான் மூச்சுவிடப் பயந்துகொண்டு பார்த்தேன். ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குத் தானாகவே போனாள். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அந்தப் பொறியாளர் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வந்தார். “வாவ், நைஸ்! குழு பேஜ்ல போடலாம். பாப்பா, இங்க பாரு.”

மகள் நிமிர்ந்தாள். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. புத்தகத்தைத் தாடைக்குக் கீழே தூக்கிப் பிடித்து, பல் தெரியச் சிரித்தாள். கிளிக். புத்தகத்தை மூடி அவரிடம் நீட்டினாள்.

நான் பாய்ந்துபோய் கைப்பேசியைப் பிடுங்கி, அவர் கண்ணெதிரிலேயே அந்தப் படத்தை அழித்தேன். “என்னக்கா, ஒரே ஒரு படம்தானே லா” என்று அவர் பின்னால் கத்திக்கொண்டிருந்தார். நான் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, புத்தகத்தை அவள் மடியில் வைத்து, விட்ட இடத்திலிருந்து படிம்மா என்றேன்.

அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள்.

“அதான் படம் எடுத்தாச்சேம்மா.”